டூயல் ஸ்போர்ட் பைக் எடுக்கிறீர்களா? எடையிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி இதுதான். வாரத்தில் ஐந்து நாள் வேலைக்குப் போய்வரவும், விடுமுறை நாளில் மண் பாதை, கல் மேடு, ஓடை என்று ஏறி இறங்கவும் ஒரே பைக், அதாவது டூயல் ஸ்போர்ட், வேண்டும். உயரம் 167 செ.மீ., எடை 70 கிலோ. தார் சாலையில் பல வருடப் பழக்கம் உண்டு, மண்ணில் ஓட்டியதில்லை. 300 சிசி போதுமா, நெடுஞ்சாலைக்கு 650 எடுத்தால்தான் சரிப்படுமா? பழைய 450 எண்டியூரோ (காட்டுப் பாதைப் பந்தயத்துக்கான பைக்) ஒன்றும் விலைக்கு வந்திருக்கிறது, அதை எடுக்கலாமா?

என் பதில்: 250 முதல் 300 சிசி வரை, பெட்ரோல் நிரப்பிய நிலையில் 150 கிலோவைத் தாண்டாத பைக்காக எடுங்கள். 650-ஐ இப்போதைக்கு விடுங்கள். 450-ஐக் கட்டாயம் விடுங்கள். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன். உங்கள் நிலவரம் வேறாக இருந்தால் பதிலும் மாறும் என்பதால், காரணங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்த வகை பைக் வாங்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் சிசியில் தொடங்குகிறார்கள். எத்தனை குதிரைத்திறன், நெடுஞ்சாலையில் எவ்வளவு வேகம் போகும் என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். அதாவது, போகப்போகும் பாதைகளிலேயே நல்ல பாதையை மனதில் வைத்து பைக்கைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் அதைத் திருப்பிப் போடச் சொல்வேன். போகப்போகும் பாதைகளிலேயே மிக மோசமானது எது, அங்கே தனியாக மாட்டிக்கொண்டால் எவ்வளவு எடையை உங்களால் சமாளிக்க முடியும் என்று முதலில் கேளுங்கள். நல்ல சாலையில் சின்ன பைக்கின் குறை வேகம் மட்டும்தான். மோசமான பாதையில் பெரிய பைக்கின் குறை உங்களை அங்கேயே நிறுத்திவிடும்.

மண்ணில் ஓட்டினால் விழுவீர்கள். திறமை குறைவு என்பதால் மட்டும் இல்லை, ஈரக் களிமண்ணிலும் உருளும் கல்லிலும் எல்லோருமே விழுவார்கள். பெரும்பாலும் மெதுவான வேகத்தில்தான் விழுவோம், அடியும் பெரிதாக இருக்காது. ஆனால் பைக்கைத் தூக்கி நிறுத்த வேண்டும். சமதளத்தில் 200 கிலோ பைக்கைத் தூக்குவது முறை தெரிந்தவருக்கு முடிகிற காரியம்தான். சரிவில், சக்கரம் மேலே பார்த்தும் ஹேண்டில்பார் கீழே பார்த்தும் கிடந்தால், முதலில் அதை இழுத்துத் திருப்ப வேண்டும், அப்புறம்தான் தூக்கவே முடியும். வெயிலில் மூன்றாவது தடவை தூக்கும்போது கை நடுங்கும். கிளட்ச் பிடிப்பதில் நிதானம் போய்விடும், அதனாலேயே நாலாவது தடவையும் விழுவோம். 140 கிலோவுக்கும் 200 கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் கடைத்தரையில் தெரியாது, இங்கேதான் தெரியும்.

எடையைப் பார்க்கும்போது இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். சில நிறுவனங்கள் பெட்ரோல், ஆயில் எதுவும் இல்லாத உலர் எடையைப் போடுகின்றன. சில எல்லாம் நிரப்பிய எடையைப் போடுகின்றன. இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் தப்பான முடிவுக்கு வருவீர்கள். பெட்ரோல் ஒரு லிட்டர் ஏறத்தாழ முக்கால் கிலோ. கவாசாகி கேஎல்ஆர்650-இன் 23 லிட்டர் டேங்க் நிறைந்தால் பெட்ரோல் மட்டுமே 17 கிலோ இருக்கும். இரண்டாவது, அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. உயரத்தில் இருக்கும் 17 கிலோ, தலையில் குடத்தைச் சுமந்துகொண்டு வரப்பில் நடப்பது போலத்தான், ஒரு பக்கம் சாய ஆரம்பித்தால் மீட்பது கஷ்டம். அதே எடை என்ஜினுக்கு அடியில் இருந்தால் அவ்வளவு தெரியாது.

இப்போது எந்தெந்த வகை இருக்கிறது என்று பார்ப்போம். 1968-இல் யமஹா டிடி-1 வந்தபோது, சாலையிலும் ஓட்டலாம், காட்டுப் பாதையிலும் ஓட்டலாம் என்ற எண்ணத்தோடே வடிவமைத்த பைக் பெரிய அளவில் மக்களுக்குக் கிடைத்தது. 250 சிசி டூ ஸ்ட்ரோக், எடை குறைவு. அதற்கு முன்பு பெரும்பாலும் சாலை பைக்கைத்தான் கழற்றி மாற்றி மண்ணில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு வகை இன்று பல கிளையாகப் பிரிந்துவிட்டது.

ஒரு கோடியில், நம்பர் பிளேட் போட்ட பந்தய எண்டியூரோ. கேடிஎம் 500 இஎக்ஸ்சி-எஃப் போன்றவை. மறு கோடியில், மண்ணிலும் போகக்கூடிய பயண பைக், அதாவது அட்வென்ச்சர் வகை. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 அந்தப் பக்கம்: 196 கிலோ, 17 லிட்டர் டேங்க், 200 மி.மீ. சஸ்பென்ஷன் அசைவு. கரடுமுரடான சாலையில் நாள் முழுக்க சொகுசாகப் போகும், குறுகலான ஏற்றத்தில் அதன் எடை தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அசல் டூயல் ஸ்போர்ட் இருக்கிறது. ஹோண்டா சிஆர்எஃப்300எல், கவாசாகி கேஎல்எக்ஸ்300, கேஎல்எக்ஸ்230, இப்போது தயாரிப்பில் இல்லாத யமஹா டபிள்யூஆர்250ஆர் எல்லாம் இதில் சேரும். இதிலேயே கனமான கிளை 650 சிசி ஒற்றை சிலிண்டர்கள். 1996-லிருந்து பெரிய மாற்றம் இல்லாமல் வரும் சுஸுகி டிஆர்650, நவீனமும் வலுவும் கூடிய கேடிஎம் 690 எண்டியூரோ ஆர் ஆகியவை அந்தப் பக்கம்.

உங்கள் 450 விஷயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். எண்டியூரோ பைக்குகள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. மண்ணில் அவற்றுக்கு இணையாக எந்த டூயல் ஸ்போர்ட்டும் வராது. ஆனால் அவற்றின் பராமரிப்பு கிலோமீட்டரில் இல்லை, மணிக்கணக்கில். 500 இஎக்ஸ்சி-எஃப் போன்றவற்றுக்கு 15 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்கிறது கையேடு. நகரத்தில் சராசரி 40 கி.மீ. வேகத்தில் போய்வந்தால் 15 மணி நேரம் என்பது 600 கி.மீ. தினமும் வேலைக்குப் போகிறவருக்கு இது மாதாமாதம் வந்துவிடும். என்ஜினில் பிடிக்கும் ஆயில் குறைவு, பிஸ்டன் இலகுவானது, கியர் விகிதங்கள் நெருக்கமானவை. எல்லாமே பந்தயத்துக்காகச் செய்தவை. சீட் மெலிந்த பலகை மாதிரி. பின்பக்கச் சட்டம், பை கட்டிச் சுமக்க வைக்கும் எண்ணத்தில் செய்ததில்லை. ஹோண்டா சிஆர்எஃப்450எல் இந்த வகையைச் சாலைக்குக் கொஞ்சம் பக்குவப்படுத்திய முயற்சி. அதற்கே ஏறத்தாழ 1,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். பராமரிப்பில் இதற்கு நேரெதிராக டபிள்யூஆர்250ஆர் இருக்கிறது: அதற்கு வால்வு இடைவெளி பார்க்கும் கெடுவே 42,000 கி.மீ. வேலைக்கும் போகிற பைக்குக்கு இந்த இரண்டாவது குணம்தான் வேண்டும்.

சரி, 650 ஏன் வேண்டாம்? வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. வாரத்துக்கு 300 கி.மீ. நெடுஞ்சாலை, பை கட்டிய நீண்ட பயணம், மண் என்றால் அகலமான ஜல்லிப் பாதை என்று இருப்பவருக்கு டிஆர்650 அருமையான பைக். காற்றும் ஆயிலும் குளிர்விக்கும் எளிய என்ஜின். வால்வு சரிசெய்வதை வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம். ஆனால் அது 166 கிலோ. மண்ணில் பழக்கம் இல்லாதவர் அதில் கற்க ஆரம்பித்தால் பெரும்பாலும் எச்சரிக்கையைத்தான் கற்றுக்கொள்வார். பைக் சறுக்கும்போது விட்டுக்கொடுத்து ஓட்ட வேண்டும், கொஞ்சம் சறுக்கினாலும் பயப்படாமல் ஆக்சிலரேட்டரைப் பிடித்திருக்க வேண்டும். இந்தத் துணிச்சல் எடை குறைந்த பைக்கில்தான் வரும். விழுந்தால் தூக்கிவிடலாம் என்ற நம்பிக்கைதான் புதிதாக ஒன்றை முயலவைக்கிறது. இரண்டு வருடம் சின்ன பைக்கில் ஓட்டிவிட்டு 690-க்குப் போகிறவர் அதன் வலுவைக் கையாளுவார். நேரே அதற்குப் போகிறவரை அது கையாளும்.

300-இன் குறையையும் மறைக்கக் கூடாது. சிஆர்எஃப்300எல்-இல் 286 சிசி என்ஜின், 142 கிலோ எடை, 7.8 லிட்டர் டேங்க். மணிக்கு 90, 100-இல் கவலையில்லாமல் போகும். 110-க்கு மேல் தொடர்ந்து ஓட்டினால் என்ஜின் திணறுவது தெரியும், எதிர்க்காற்றில் ஏற்றத்தில் கியர் குறைக்க வேண்டியிருக்கும். வேகமாகப் போகும் லாரியை முந்த முன்கூட்டியே திட்டமிட வேண்டும். காற்று நெஞ்சில் அடிக்கும். நீங்கள் வேலைக்குப் போகும் வழியில் எல்லோரும் 120-இல் பறக்கும் நெடுஞ்சாலைதான் பெரும்பகுதி என்றால், என் பரிந்துரையைத் தள்ளிவைத்துவிட்டு 650 பக்கம் பாருங்கள். அந்த வேகத்தில் வலு இல்லாமல் இருப்பதும் ஆபத்துதான். நகரம், ஊரகச் சாலை, நடுவே கொஞ்சம் நெடுஞ்சாலை என்றால் 300 தாராளமாகப் போதும். சிறிய டேங்க் தொந்தரவு என்றால் அதே என்ஜினோடு ரேலி மாடல் இருக்கிறது, 12.8 லிட்டர் டேங்கும் முன்கண்ணாடியும் உண்டு. ஆனால் ஏறத்தாழ பத்து கிலோ கூடும்.

அடுத்து உயரம். இதற்குத்தான் பலர் தேவைக்கு மீறிப் பயப்படுகிறார்கள். சிஆர்எஃப்300எல் சீட் உயரம் 880 மி.மீ., டபிள்யூஆர்250ஆர் 930. இந்த எண்ணைப் படித்ததுமே வேண்டாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். அது ஆள் உட்காராதபோது அளந்தது. நீங்கள் ஏறியதும் சஸ்பென்ஷன் தன் மொத்த அசைவில் கால்வாசிக்கு மேல் அமுங்கும். 260 மி.மீ. அசைவு உள்ள பைக் 70, 80 மி.மீ. இறங்கிவிடும். சீட்டும் குறுகல், கால் அகட்ட வேண்டியதில்லை. அதோடு மண் ஓட்டுகிறவர்கள் இரண்டு காலையும் ஊன்றுவதில்லை. நிறுத்தும்போது இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தி ஒரு காலை முழுதாக ஊன்றுகிறார்கள், இன்னொரு கால், பாதம் வைக்கும் ஃபுட்பெக்கிலேயே இருக்கும். எந்தக் காலை ஊன்றுவது என்பதைத் தரையைப் பார்த்து முன்பே தீர்மானிக்கும் பழக்கம் வேண்டும், அவ்வளவுதான். 167 செ.மீ. உயரத்துக்கு 880 முதலில் உயரமாகத் தெரிந்தாலும் பழகிவிடும். 930 கொஞ்சம் பாடுபடுத்தும்.

இறக்கியே ஆக வேண்டும் என்றால், தாழ்வான சீட்டை முதலில் பாருங்கள். அல்லது நிறுவனமே தாழ்த்தி விற்கும் மாடலைப் பாருங்கள், சில பைக்குகளுக்கு அப்படி உண்டு. பின் சஸ்பென்ஷனுக்கு நீளமான லிங்க் (இணைப்புத் துண்டு) போட்டு இறக்குவது மலிவான வழி என்று பலர் சொல்வார்கள். பின்பக்கம் மட்டும் இறங்கினால் ஃபோர்க் சாய்வு மாறி முன்சக்கரம் திரும்ப மந்தமாகும். முன் ஃபோர்க்கையும் கிளாம்பில் அதே அளவுக்கு மேலே ஏற்ற வேண்டும். சைடு ஸ்டாண்டையும் வெட்டிக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் பைக் நேராக நின்று மறுபக்கம் சாயும். கிரவுண்ட் கிளியரன்ஸும் போகும். யமஹா டிடபிள்யூ200 மாதிரி 790 மி.மீ. சீட்டும் தடித்த டயரும் கொண்ட பைக்குகளும் இருக்கின்றன. வேகம் குறைவு, சஸ்பென்ஷன் அசைவு குறைவு. ஆனால் நிதானமாகச் சுற்றப் போகிறவருக்கு இரண்டு காலும் தரையில் படுவது பெரிய நிம்மதி, அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது.

உங்கள் உடல் எடைக்கும் இதில் சம்பந்தம் உண்டு. 300 வகுப்பில் வரும் ஸ்பிரிங்குகள் மென்மையானவை. 70 கிலோ ஆளுக்குச் சமாளிக்கும். 90 கிலோ ஆளும் பையும் ஏறினால் பள்ளத்தில் சஸ்பென்ஷன் அடிவரை போய் இடிக்கும். அந்த நிலைமைக்கு முதல் செலவு சரியான ஸ்பிரிங்தான், சைலன்சர் இல்லை.

சக்கரத்தில் பேரம் வேண்டாம். முன்னால் 21 அங்குலம், பின்னால் 18 அங்குலம், ஸ்போக் வைத்தது. பெரிய முன்சக்கரம் கல்லிலும் பள்ளத்திலும் முட்டாமல் ஏறிப்போகும். பின்னால் 17-ஐவிட 18-க்கு நாபி டயர் (மண்ணுக்கான கட்டை டயர்) வகைகள் அதிகம் கிடைக்கும். டயரின் பக்கவாட்டும் உயரமாக இருப்பதால் ரிம் அடிபடாது. 17 இருந்தால் அந்த பைக் ஆகாது என்று அர்த்தமில்லை. டிஆர்650-க்கே பின்னால் 17தான். தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு குறையும், அவ்வளவே.

டயர்தான் நான் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயம். ஒரே பைக்கில் டயரை மட்டும் மாற்றினால் வேறு பைக் மாதிரி ஆகிவிடும். கடையிலிருந்து வரும் டயர் பெரும்பாலும் சாலைக்குச் சாய்ந்ததாக இருக்கும். காய்ந்த மண்ணில் போகும், சேற்றில் அரை நிமிடத்தில் வரிப்பள்ளம் எல்லாம் அடைத்துக்கொண்டு வழுவழுவென்று ஆகிவிடும். ரப்பர் கட்டைகள் துருத்திய நாபி டயர் சேற்றைப் பிடிக்கும். ஆனால் ஈரத் தாரில் தரையைத் தொடும் ரப்பர் குறைவு. பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் கூடும், வளைவில் கட்டைகள் நெளிவது இடுப்புக்குத் தெரியும், பின் டயர் வேகமாகத் தேயும். உங்கள் பயன்பாட்டுக்கு நான் சொல்வது: முன்னால் பிடிமானம் கூடிய, மண்ணுக்குச் சாய்ந்த டயர், பின்னால் சாலைக்கும் மண்ணுக்கும் பாதிக்குப் பாதி வகை. பின்சக்கரம் சறுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம், முன்சக்கரம் வழுக்கினால் நேரே தரைதான். முன் டயர் மெதுவாகத் தேய்வதால் செலவும் தாங்கும். எதை எடுத்தாலும் சாலையில் ஓட்ட அனுமதி உள்ள டயரா என்று பக்கவாட்டு முத்திரையைப் பாருங்கள். பந்தய நாபிகள் பலவற்றுக்கு அது கிடையாது.

காற்றழுத்தமும் ஒரு கருவிதான். மண்ணுக்குள் நுழையும் முன் 16, 18 பிஎஸ்ஐக்கு இறக்கினால் டயர் தரையில் படர்ந்து பிடிக்கும். ட்யூப் உள்ள டயரில் அதற்கும் ரொம்பக் கீழே போனால், கல்லில் மோதும்போது ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி இரண்டு ஓட்டை விழும். திரும்பும்போது சாலை தொடங்குமிடத்தில் மறுபடி ஏற்றிவிட வேண்டும். ஆகவே சின்ன பம்ப், அழுத்தம் பார்க்கும் கருவி, உபரி ட்யூப், டயர் கழற்றும் லீவர்கள் எப்போதும் பையில் இருக்கட்டும். வீட்டு வாசலில் ஒருமுறை ட்யூப் மாற்றிப் பழகிவிட்டுத்தான் காட்டுக்குப் போக வேண்டும்.

கியர் பிரச்சினைக்கு எளிய தீர்வு ஒன்று. மண்ணில் முதல் கியர் வேகமாக இருப்பதாகத் தோன்றினால், முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) ஒரு பல் குறைத்துப் போடுங்கள். 14 பல்லை 13 ஆக்கினால் ஒவ்வொரு கியரிலும் வேகம் ஏழு சதவீதம் குறைந்து இழுவை கூடும். பின் ஸ்ப்ராக்கெட்டில் மூன்று பல் கூட்டினால் கிட்டத்தட்ட இதே பலன்தான். நெடுஞ்சாலைப் பயணம் வந்தால் பழையதை மாட்டிக்கொள்ளலாம்.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருக்கட்டும், தினசரி சாலைக்கு அது நல்லது. பின்சக்கரத்துக்கு மட்டுமாவது அணைக்க வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். செங்குத்தான இறக்கத்தில் பின்சக்கரத்தை வேண்டுமென்றே பூட்டி இழுத்து இறங்க வேண்டிய நேரம் வரும்.

பார்க்கப் போகும்போது சீட்டில் உட்கார்ந்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஃபுட்பெக்கில் எழுந்து நில்லுங்கள். மண்ணில் பாதி நேரம் அப்படித்தான் இருப்பீர்கள். முழங்கால் லேசாக மடங்கி, முதுகு வளையாமல், கை இயல்பாக ஹேண்டில்பாரைத் தொட வேண்டும். குனிய வேண்டியிருந்தால் ஹேண்டில்பாரை உயர்த்தும் ரைசர் போதுமா என்று பாருங்கள்.

பழைய பைக் என்றால் முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். ஃபில்டருக்கு அந்தப் பக்கம், என்ஜினுக்குப் போகும் குழாயில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். மண்துகள் ஒட்டினால் தூசி என்ஜினுக்குள் போயிருக்கிறது, பிஸ்டன் வளையமும் சிலிண்டரும் தேய்ந்திருக்கும். விலை எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிடுங்கள். அப்புறம் முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டில்பாரைத் திருப்பி பேரிங் தடங்குகிறதா, பின்சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டி லிங்க் ஆடுகிறதா, ஸ்போக்குகளைத் தட்டினால் ஒரே மாதிரி ஒலிக்கிறதா, ரிம் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். என்ஜின் அடித்தகட்டில் கீறல் இருப்பது குறையல்ல, அது வேலை செய்த அடையாளம். ஃபிரேம் குழாயில் நசுங்கல் இருந்தால்தான் கவலை. பைக்கைச் சூடாக்கி வைத்துக் காத்திருக்கும் ஆளிடம், ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

சின்ன பைக் எடுப்பதால் மிஞ்சும் பணத்தில் முதலில் மண் ஓட்டும் பூட்ஸ் வாங்குங்கள். மெதுவாக விழும்போது பைக்குக்கு அடியில் மாட்டுவது கணுக்கால்தான். நடைபயணக் காலணி அதைக் காப்பாற்றாது. அடுத்து, லீவரையும் விரல்களையும் காக்கும் உறுதியான கைக்காப்பு, என்ஜினுக்கு அடியில் தகடு. அதற்குப் பிறகும் இருந்தால் இரண்டு நாள் மண் ஓட்டும் பயிற்சி. வேறு எந்த உபரி பாகமும் முதல் ஆறு மாதத்துக்கு வேண்டாம். அதற்குள் ஒரு செட் டயர் தேய்ந்திருக்கும், ஸ்பிரிங் மென்மையா, ஹேண்டில்பார் தாழ்வா, டேங்க் போதவில்லையா என்று ஓட்டியே தெரிந்திருக்கும். அந்த வரிசையிலேயே மாற்றுங்கள்.